பேக்கப் முடிய ஐந்து மணி நேரம்

என் மேசைக்கு அடியில் இருக்கும் கணினி 2010-இல் வந்தது. அண்ணன் பாகம் பாகமாக வாங்கி, ஒரு விடுமுறை நாள் முழுக்க உட்கார்ந்து அசெம்பிள் செய்து கொடுத்தான். முதல் தலைமுறை கோர் ஐ5 பிராசசர், எச்55 சிப்செட் (பிராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்) உள்ள மதர்போர்டு. இடையில் ரேமைக் கூட்டினேன். ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் எஸ்எஸ்டி வந்தது. மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் ஒரு முறை மாறியது. மற்றபடி அதே பெட்டிதான். எழுதுவது, படங்களைத் திருத்துவது, கணக்குப் பார்ப்பது என்று நான் கேட்கும் எல்லாவற்றையும் இன்றும் செய்துகொடுக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

ஒரே ஒரு இடத்தில்தான் அதன் வயது தெரிந்தது. வெளியே ஒரு டிஸ்க்கைச் செருகும்போது.

அப்பா முப்பது வருடங்களாக எடுத்த புகைப்படங்களின் நெகட்டிவ்கள் என்னிடம் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து வருகிறேன். முழு விவரமும் வேண்டும் என்று சுருக்காமல் சேமிப்பதால் ஒரு ஃபிரேமே 120 எம்பி ஆகிறது. ஐயாயிரம் ஃபிரேம் தாண்டியதும் மொத்தம் 600 ஜிபி. இரண்டு வெளி டிஸ்க்குகளில் நகல் வைத்திருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த கோப்புகளை மட்டும் நகலெடுக்க அதிக நேரம் ஆகாது. ஆனால் நகல் எடுத்துவிட்டால் மட்டும் போதாது. அது கெடாமல் இருக்கிறதா என்று மாதம் ஒரு முறையாவது முழுவதையும் படித்துச் சரிபார்க்க வேண்டும். அங்கேதான் சிக்கல்.

என் கணினியில் இருந்தவை யூஎஸ்பி 2.0 போர்ட்டுகள் மட்டுமே. அவற்றின் வேகம் நொடிக்கு 480 மெகாபிட். எட்டால் வகுத்தால் 60 எம்பி. அதிலும் ஒரு பகுதி இரு பக்கமும் பேசிக்கொள்வதிலேயே போய்விடும். என் டிஸ்க்கில் கடைசியாகக் கையில் கிடைத்தது நொடிக்கு 33 எம்பி. 600 ஜிபியை 33-ஆல் வகுத்துப் பாருங்கள். ஐந்து மணி நேரம் வரும். இரண்டு டிஸ்க்குக்குப் பத்து மணி நேரம். அவ்வளவு நேரமும் கணினி தூங்காமல் இருக்க வேண்டும், மின்சாரம் போகாமல் இருக்க வேண்டும், யாரும் கேபிளில் கால் படாமல் நடக்க வேண்டும்.

அதனால் நான் தள்ளிப் போட்டேன். இந்த மாதம் வேண்டாம், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏழெட்டு மாதம் ஓடிவிட்டது. அப்புறம் ஒரு நாள் உட்கார்ந்து ஓடவிட்டபோது ஒரு டிஸ்க்கில் 41 கோப்புகள் படிக்கவே முடியாமல் போயிருந்தன. அவற்றில் 38 மற்ற நகலில் நன்றாக இருந்தன. மூன்று, வேறு காரணத்தால் அதிலும் இல்லை. நெகட்டிவ் கையில் இருந்ததால் மறுபடி ஸ்கேன் செய்ய முடிந்தது. அந்த மூன்றில் ஒன்று, அம்மா கிணற்றடியில் நின்று எதையோ பார்த்துச் சிரிக்கும் படம். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. டிஸ்க் கெட்டுப்போவது இயல்பு. ஆனால் ஏழு மாதம் அது எனக்குத் தெரியாமலே இருந்ததற்கு அந்த மெதுவான போர்ட்தான் காரணம். ஒரு வேலை ஐந்து மணி நேரம் பிடித்தால் மனிதர்கள் அதைச் செய்ய மாட்டார்கள். இதை நான் என் அனுபவத்தில் கண்டு சொல்கிறேன்.

சரி, போர்ட்டை வேகமாக்க என்ன வழி?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். என்னிடம் இரண்டு மூன்று பேர் இதைக் கேட்டிருக்கிறார்கள். நீல நிற யூஎஸ்பி 3.0 ஹப் ஒன்றை வாங்கிப் பழைய போர்ட்டில் செருகினால் வேகம் கூடாதா என்று. கூடாது. ஹப் என்பது ஒரு குழாயைப் பல கிளைகளாகப் பிரிப்பது. தாய்க்குழாய் குறுகலாக இருந்தால் கிளைகள் அகலமாக இருந்து பயனில்லை. டிரைவர் மாற்றினாலோ, கணினி ஏறும்போது முதலில் ஓடும் பயாஸ் என்ற மென்பொருளை அப்டேட் செய்தாலோகூட யூஎஸ்பி 2.0 போர்ட் 3.0 ஆகிவிடாது. காரணம் கம்பியிலேயே இருக்கிறது. பழைய போர்ட்டில் நான்கு தொடர்புகள்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. அந்த ஒரே ஜோடியில்தான் போவதும் வருவதும் மாறி மாறி நடக்கும். 2008 நவம்பரில் வந்த 3.0-இல் அவற்றோடு இன்னும் ஐந்து சேர்ந்தன: அனுப்ப ஒரு ஜோடி, பெற ஒரு ஜோடி, நடுவே ஒரு எர்த். வேகம் நொடிக்கு 5 ஜிகாபிட். இந்த ஐந்து கம்பிகளும் அவற்றோடு பேசத் தெரிந்த சிப்பும் உங்கள் போர்டில் இல்லையென்றால், அந்தச் சிப்பைக் கொண்டுவந்து உள்ளே வைக்க வேண்டும். விரிவாக்கக் கார்டு செய்வது அந்த வேலையைத்தான்.

2008-இல் வந்த தொழில்நுட்பம் 2010-இல் வாங்கிய என் கணினியில் ஏன் இல்லை என்று எனக்கும் தோன்றியது. இன்டெல் தன் சிப்செட்டிலேயே யூஎஸ்பி 3.0-ஐ வைத்தது 2012-இல் வந்த 7 வரிசையிலிருந்துதான். ஏஎம்டி ஒரு வருடம் முன்னதாக, 2011-இல் ஏ75 சிப்செட்டில் வைத்துவிட்டது. அதற்கு முன்பு பெரும்பாலும் விலை கூடிய மதர்போர்டுகளில்தான் என்ஈசி போன்ற நிறுவனங்களின் தனிச் சிப்பைச் சேர்த்திருப்பார்கள். ஆகவே உங்கள் கணினி 2012-க்கு முந்தையது என்றால், பின்பக்கத்தில் நீல நிறப் போர்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நீலம் என்பது கட்டாய விதி அல்ல, பரிந்துரைதான். எனவே உள்ளே நாக்குப் பகுதியில் வழக்கமான நான்கு தொடர்புகளோடு இன்னும் ஐந்து சின்னப் பின்கள் தெரிகின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது நம்பகமானது.

ஒரு சனிக்கிழமை மின் இணைப்பை முழுவதும் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தையும் இறக்கிவிட்டுக் கேபினெட்டைத் திறந்தேன். கேபினெட்டின் உலோகத்தைத் தொட்ட பிறகே உள்ளே கைவைத்தேன். உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம் ஒரு சிப்பைச் சத்தமில்லாமல் கொன்றுவிடும். அதனால் இந்தப் பழக்கத்தை நான் விடுவதில்லை. தூசியைத் துடைத்த பிறகு ஸ்லாட்டுகள் தெரிந்தன. மேலே நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்16 ஸ்லாட் ஒன்று. கீழே சுண்டுவிரல் நீளத்தில் எக்ஸ்1 ஸ்லாட் இரண்டு. அதற்கும் கீழே வெள்ளை நிறத்தில் பழைய பிசிஐ ஸ்லாட் ஒன்று.

அந்த வெள்ளை ஸ்லாட்டை இந்த வேலைக்கு நினைக்கவே வேண்டாம். அதன் மொத்த வேகமே நொடிக்கு 133 எம்பி. அதையும் மற்ற பிசிஐ கருவிகளோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டும். வேறு ஸ்லாட்டே இல்லாத மிகப் பழைய கணினி என்றால், வெளி டிஸ்க்கை நெட்வொர்க் வழியாக வேறொரு கணினியில் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. ஜிகாபிட் நெட்வொர்க் இருந்தால் நொடிக்கு நூறு எம்பிக்கு மேல் கிடைக்கும்.

நான் முதலில் வாங்கியது இரண்டு போர்ட் உள்ள சிறிய கார்டு. எக்ஸ்1 ஸ்லாட்டில் உட்கார்ந்தது. பின்பக்கத் தகட்டைக் கழற்றி, கார்டை அழுத்தி, ஒரு ஸ்க்ரூ போட்டால் வேலை முடிந்தது. நான் லினக்ஸ் பயன்படுத்துவதால் டிரைவருக்கு அலையவில்லை. 2009 செப்டம்பரில் வந்த 2.6.31 கெர்னலிலேயே (லினக்ஸின் மையப் பகுதி) யூஎஸ்பி 3.0 ஆதரவு சேர்ந்துவிட்டது. விண்டோஸ் 8-லிருந்து அங்கேயும் தானாகவே அடையாளம் காணும். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் மட்டும் கார்டில் உள்ள சிப்புக்கு ஏற்ற டிரைவரைத் தேடிப் போட வேண்டும். எனவே அவர்கள் கார்டை வாங்கும் முன்பே எந்தச் சிப் என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

கணினியை ஏற்றி, டிஸ்க்கைச் செருகி, ஒரு பெரிய கோப்பைப் படிக்கவிட்டேன். நொடிக்கு 105 எம்பி. ஐந்து மணி நேரம் ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் அந்த எண்ணைப் பார்த்தேன். அது குறையவில்லை. இந்த 105 கார்டின் எல்லை அல்ல, சுழலும் டிஸ்க்கின் எல்லை. அந்த டிஸ்க் தன்னால் முடிந்த வேகத்தில் ஓடியது அன்றுதான் முதல் முறை.

அடுத்த வாரம் பிரச்சினை வந்தது. இரண்டு டிஸ்க்கையும் ஒன்றாகச் செருகி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுத்தேன். இருபது நிமிடத்தில் ஒரு டிஸ்க் மறைந்துபோனது. மீண்டும் வந்தது. மீண்டும் மறைந்தது. கேபிளை மாற்றினேன். போர்ட்டை மாற்றினேன். தனித்தனியாகச் செருகினால் இரண்டும் ஒழுங்காக ஓடின. சேர்ந்தால்தான் இந்தத் தொல்லை.

கணக்குப் போட்ட பிறகுதான் காரணம் விளங்கியது. யூஎஸ்பி 3.0 போர்ட் ஒன்று 5 வோல்ட்டில் 900 மில்லி ஆம்பியர் வரை கொடுக்க வேண்டும். 2.0-இல் அது 500. அதாவது போர்ட்டுக்கு 4.5 வாட், இரண்டு போர்ட்டுக்கு 9 வாட். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் 5 வோல்ட் மின்சாரமே கிடையாது. 3.3-உம் 12-உம்தான் உண்டு. கார்டு தானே மாற்றிக்கொள்ள வேண்டும், மாற்றும்போது கொஞ்சம் வெப்பமாக வீணாகும். சிப்புக்கும் மின்சாரம் வேண்டும். எக்ஸ்1 கார்டு ஒன்று தொடக்கத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கும் அளவோ மொத்தம் 10 வாட். விளிம்பில் நிற்கும் கணக்கு இது. டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில்தான் அதிகமாக இழுக்கும். அந்த நொடியில் 5 வோல்ட் தாழ்ந்தால் பக்கத்து டிஸ்க் கைவிட்டுவிடும். நகல் நடுவில் அறுந்துபோனால் கோப்பு மட்டுமல்ல, டிஸ்க்கின் கோப்பு அமைப்பே சிதையலாம். கெட்டுப்போகாமல் காப்பதற்காகச் செய்யும் வேலையே கெடுத்துவிட்டால் என்ன செய்வது?

அதனால் என் உறுதியான கருத்து இது: எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கும் கனெக்டர் உள்ள கார்டைத்தான் வாங்க வேண்டும். உள் டிஸ்க்குகளுக்கு மின்சாரம் தரும் சாட்டா பவர் கனெக்டர் அல்லது பழைய நான்கு பின் மோலெக்ஸ் கனெக்டர், எதுவானாலும் சரி. இரண்டிலும் 5 வோல்ட் தயாராகவே வருகிறது. மோலெக்ஸில் சிவப்புக் கம்பி 5 வோல்ட், மஞ்சள் 12. பென் டிரைவ் மட்டும் செருகப் போகிறவருக்கு இது தேவையில்லை. டிஸ்க் செருகுபவருக்கு அவசியம் தேவை. எஸ்எம்பிஎஸ்ஸில் சாட்டா பவர் மிச்சம் இல்லையென்று மோலெக்ஸிலிருந்து மாற்றித் தரும் அடாப்டர் போடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கம்பிகளைச் சுற்றிப் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்து மூடிய வகை அடாப்டர்கள் உள்ளே கம்பி நகர்ந்து ஒன்றோடொன்று உரசி எரிந்த சம்பவங்கள் உண்டு. கம்பிகள் ஒவ்வொன்றாக அழுத்திப் பொருத்தி, பின்னால் மூடி போட்ட வகையை எடுங்கள்.

இரண்டாவது கார்டு நான்கு போர்ட் உள்ளது, சாட்டா பவர் கனெக்டரோடு. அதே எக்ஸ்1 ஸ்லாட்டில் போட்டேன். இரண்டு டிஸ்க்கும் சேர்ந்து இரவு முழுக்க ஓடின, ஒரு முறைகூட அறுபடவில்லை.

இத்தோடு கதை முடிந்திருக்கலாம். ஆனால் கெட்டுப்போன டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு வெளி எஸ்எஸ்டி வாங்கினேன். நொடிக்கு 400 எம்பியாவது வரும் என்று எதிர்பார்த்துச் செருகினால் 180-இல் நின்றது. கேபிள் சரி, போர்ட் சரி, மின்சாரம் சரி. இந்த இடத்தில்தான் நான் அதிகமாகக் கற்றுக்கொண்டேன்.

5 ஜிகாபிட் என்று போட்டிருக்கும் கார்டு அந்த வேகத்தைக் கொடுக்க வேண்டுமானால், அது உட்கார்ந்திருக்கும் ஸ்லாட்டும் அவ்வளவு கடத்த வேண்டும். பிசிஐ எக்ஸ்பிரஸ்ஸில் தகவல் போகும் தனிப் பாதையை லேன் என்பார்கள். முதல் தலைமுறையில் ஒரு லேன் நொடிக்கு 250 எம்பி கடத்தும். இரண்டாம் தலைமுறையில் 500. மூன்றாவதில் ஏறக்குறைய 985. என் கார்டு இரண்டாம் தலைமுறை, ஒரு லேன். என் மதர்போர்டின் கையேட்டிலும் ஸ்லாட் 2.0 என்றுதான் அச்சிட்டிருக்கிறது. பின் ஏன் பாதி? லினக்ஸில் எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையை விரிவான விவரத்தோடு ஓடவிட்டால் ஒவ்வொரு கார்டும் எந்த வேகத்தில் பேசிக்கொண்டிருக்கிறது என்று காட்டும். என் கார்டுக்கு நேராக 5-க்குப் பதில் 2.5 என்று இருந்தது. முதல் தலைமுறை வேகம்.

இன்டெலின் 5 வரிசைச் சிப்செட்டுகளில் இது ஒரு வழக்கம். பெயரில் 2.0 என்று இருந்தாலும், சிப்செட்டிலிருந்து வரும் சிறிய ஸ்லாட்டுகள் 1.0-இன் வேகத்தில்தான் ஓடும். அடுத்த 6 வரிசையில்தான் அது சரியானது. ஆனால் அதே போர்டில் எக்ஸ்16 ஸ்லாட் சிப்செட்டைத் தொடாமல் நேரே பிராசசரிலிருந்து வருகிறது. அது முழு 2.0 வேகத்தில் ஓடும். என் பிராசசரிலேயே கிராபிக்ஸ் இருப்பதால் அந்த நீள ஸ்லாட் பதினைந்து வருடமாகக் காலியாகத்தான் இருந்தது. கணினியிலேயே மிக அகலமான வழி, ஒரு தூசித் துகளைக்கூடக் கடத்தாமல்.

சிறிய கார்டு பெரிய ஸ்லாட்டில் உட்காருமா என்று சிலர் தயங்குவார்கள். தாராளமாக உட்காரும். பிசிஐ எக்ஸ்பிரஸ்ஸில் நீளம் என்பது லேன்களின் எண்ணிக்கைதான். ஒரு லேன் கார்டை பதினாறு லேன் ஸ்லாட்டில் வைத்தால் முதல் லேனை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஒரே எச்சரிக்கை, சில பழைய போர்டுகளில் அந்த ஸ்லாட் கிராபிக்ஸ் கார்டைத் தவிர வேறு எதையும் ஏற்காது. வேறு சிலவற்றில் அதில் ஏதாவது வைத்தவுடன் போர்டின் சொந்தத் திரை இணைப்பு அணைந்துவிடும். நான் முன்கூட்டியே பயாஸில் போய் முதன்மைத் திரையை உள்ளமைந்த கிராபிக்ஸ் என்று நிலைநிறுத்திவிட்டுக் கார்டை மாற்றினேன். பவர் பட்டனை அழுத்திவிட்டுத் திரை வரும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வந்தது. எல்எஸ்பிசிஐயில் 5 என்று காட்டியது. எஸ்எஸ்டி நொடிக்கு 370 எம்பி.

180-லிருந்து 370. கார்டு அதே கார்டு. மாறியது சற்று மேலே இருந்த ஸ்லாட் மட்டும். கார்டின் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட அது எங்கே உட்காருகிறது என்பது முக்கியம் என்று சொல்வதற்குத்தான் இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். கார்டு வாங்கும் முன் மதர்போர்டின் கையேட்டைத் தேடி எடுங்கள். எந்த ஸ்லாட் பிராசசரிலிருந்து வருகிறது, எது சிப்செட்டிலிருந்து வருகிறது, எதன் தலைமுறை என்ன என்று பாருங்கள். பல போர்டுகளின் கையேட்டில் எது எதோடு இணைகிறது என்று காட்டும் ஒரு கட்டப் படமே இருக்கும். அந்த ஒரு பக்கத்தைப் பத்து நிமிடம் பார்த்தால் எந்தக் கார்டு போதும் என்பது தெளிவாகிவிடும்.

இதே கணக்கு 10 ஜிகாபிட் கார்டுகளுக்கும் பொருந்தும். ஒரு லேன் மட்டும் உள்ள 10 ஜிகாபிட் கார்டைப் பழைய 2.0 ஸ்லாட்டில் வைத்தால் 500 எம்பிக்கு மேல் அதனால் போக முடியாது. அதற்குப் போடும் கூடுதல் பணம் வீண். இரண்டு அல்லது நான்கு லேன் கார்டாக இருந்து, எக்ஸ்4 அல்லது எக்ஸ்16 ஸ்லாட்டில் வைத்தால் பழைய போர்டில்கூட அந்த வேகம் கிட்டத்தட்ட முழுமையாகக் கிடைக்கும். பெயர்கள் வேறு குழப்பும். 3.0 என்று வந்ததையே பின்னர் 3.1 ஜென் 1 என்றார்கள், அப்புறம் 3.2 ஜென் 1 என்றார்கள். மூன்றும் அதே 5 ஜிகாபிட்தான். பெட்டியில் பதிப்பு எண்ணைப் பார்க்காதீர்கள், ஜிகாபிட் எண்ணைப் பாருங்கள்.

இன்னொரு வியப்பும் இதில் இருந்தது. வெளி எஸ்எஸ்டியிலிருந்து உள்ளே இருக்கும் எஸ்எஸ்டிக்கு நகலெடுத்தால் 250 சுற்றிலேயே நின்றது. உள் டிஸ்க்குகளை இணைக்கும் சாட்டா என் போர்டில் இரண்டாம் தலைமுறை, 3 ஜிகாபிட். அதன் உச்சமே 300 எம்பி. அதாவது இப்போது என் கணினியில் மிக வேகமான டிஸ்க் வெளியே கேபிளில் தொங்கிக்கொண்டிருக்கிறது! அதனால் திருத்திக்கொண்டிருக்கும் படங்களை அந்த வெளி எஸ்எஸ்டியிலேயே வைத்துத் திறக்கிறேன். 120 எம்பி கோப்பு கண்ணிமைக்கும் நேரத்தில் திறக்கிறது.

சரிபார்ப்பு என்ன ஆனது? முதலில் ஷா-256 முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை, அதாவது கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் ஒரு குறுகிய எண், எடுத்துக்கொண்டிருந்தேன். போர்ட் வேகமானதும் பிராசசர் திணற ஆரம்பித்தது. யாரோ வேண்டுமென்று கோப்பை மாற்றிவைப்பார்கள் என்பது என் பயம் அல்ல, டிஸ்க் தானாகக் கெடுவதுதான் பயம். அதைக் கண்டுபிடிக்க எம்டி5 போதும், அது இலகுவானது. மாற்றியதும் 600 ஜிபியும் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக முடிகிறது. சுழலும் டிஸ்க்குக்கு அதே ஒன்றரை மணி நேரம். அது அப்படியே இருக்கட்டும், அலமாரியில் வைக்கும் நகல் அது.

போகிற போக்கில் தெரிந்துகொண்ட சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். என்னை ஒரு மாலை முழுக்க அலைக்கழித்தவை இவை.

நீல நிற டைப்-ஏ பிளக்கை மிக மெதுவாகச் செருகினால், முன்னால் இருக்கும் பழைய நான்கு தொடர்புகள் முதலில் பட்டு, டிஸ்க் 2.0 வேகத்திலேயே இணைந்துவிடுவதுண்டு. வேகம் 33-இல் நிற்கிறது என்றால் பிடுங்கி, ஒரே மூச்சில் உள்ளே தள்ளுங்கள். டைப்-சி கேபிள் என்றால் இன்னொரு சந்தேகம் வர வேண்டும். போனோடு வரும் சார்ஜிங் கேபிள்களில் பல 2.0 கம்பிகளை மட்டுமே கொண்டவை. வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. டிஸ்க்கோடு வந்த கேபிளை டிஸ்க்கோடேயே கட்டி வையுங்கள்.

யூஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கக்கும். வயர்லெஸ் மவுஸ், கீபோர்டு பேசுவதும் அதே அலைவரிசையில்தான். பேக்கப் ஓடும்போது மட்டும் மவுஸ் தத்தித் தத்தி நகர்ந்தது. மவுஸ் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். அதன் குட்டி ரிசீவரை டிஸ்க்குக்குப் பக்கத்திலிருந்து எடுத்து முன்பக்கப் போர்ட்டுக்கு மாற்றியதும் சரியானது. கீபோர்டை எப்போதும் மதர்போர்டின் சொந்தப் போர்ட்டிலேயே விட்டுவிடுங்கள். கார்டில் உள்ள போர்ட்டுகளைப் பழைய பயாஸ் அறியாது. கணினி ஏறும்போது பயாஸுக்குள் நுழைய முடியாது. பென் டிரைவிலிருந்து பூட் செய்வதும் அப்படித்தான், பழைய போர்ட்டிலிருந்து மட்டுமே நடக்கும்.

வேகத்தை அளப்பவர்கள் முதல் சில நொடிகளை நம்ப வேண்டாம். எழுதும்போது முதலில் எல்லாம் ரேமுக்குள்தான் போகும், திரையில் எண் பிரமாதமாகத் தெரியும். சில ஜிபி தாண்டிய பிறகு நிற்கும் வேகம்தான் உண்மை. சாதாரண பென் டிரைவ் எழுதும்போது 20-க்குக் கீழே இறங்கினால் கார்டைச் சந்தேகிக்காதீர்கள், பென் டிரைவுக்குள் இருக்கும் மெமரி அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளும் எந்தப் போர்ட்டிலும் மெதுவாகத்தான் போகும்.

முன்பக்கத்துக்கும் வேகமான போர்ட் வேண்டும் என்பவர்களுக்கு, உள்ளே 19 பின் கனெக்டர் உள்ள கார்டுகள் கிடைக்கின்றன. ஒரு கனெக்டருக்கு இரண்டு போர்ட். கேபினெட்டில் பழைய ஃபிளாப்பி இருந்த இடத்தில் பொருந்தும் முன்பக்கத் தகடும் உண்டு. அந்தக் கேபிள் தடித்தது, வளைய மறுப்பது. நேராகப் பிடித்து அழுத்தாவிட்டால் கனெக்டரின் பின் மடங்கிவிடும். நான் அதைச் செய்யவில்லை. மேசைக்குப் பின்னாலிருந்து ஒரு நல்ல நீட்டிப்புக் கேபிளை மேலே கொண்டுவந்து கட்டிவிட்டேன், குனியாமல் செருக முடிகிறது.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் சரிபார்ப்பு ஓடுகிறது. நான் வீடு பெருக்கி முடிப்பதற்குள் முடிந்துவிடுகிறது. ஒன்பது மாதமாக ஒரு முறையும் தவறவில்லை. நான்காவது மாதம் சுழலும் டிஸ்க்கில் மறுபடியும் இரண்டு கோப்புகள் பிசகியிருந்தன. அன்றே தெரிந்தது, அன்றே சரிசெய்தேன், அந்த டிஸ்க்கையும் மாற்றிவிட்டேன்.

மூன்றாவது நகல் ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும் என்று அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். அவன் வைத்திருப்பதும் இதே காலத்துக் கணினிதான், இதே யூஎஸ்பி 2.0. கேபினெட்டைத் திறந்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். நீள ஸ்லாட்டில் கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது, அதன் விசிறி முதல் எக்ஸ்1 ஸ்லாட்டை முழுவதுமாக மூடியிருக்கிறது. இரண்டாவது ஸ்லாட் காலி. அதில் 180 வரும். “அது போதும்மா, என்கிட்ட இருக்கறது ஹார்ட் டிஸ்க்தானே” என்றான். சரிதான், அவனுடைய டிஸ்க்குக்கு அது தாராளம். நான் முதலில் வாங்கிய இரண்டு போர்ட் கார்டு இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது. ஒரு டிஸ்க் மட்டும் செருகுவதற்கு அதில் எந்தக் குறையும் இல்லை. அடுத்த வாரம் போகும்போது எடுத்துக்கொண்டு போகிறேன்.